ஆளி விதையும் அடுத்தவர் தட்டும்

இரத்த அழுத்தம் ஏறிப்போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது கெர்ட்ரூட்டுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐம்பத்தாறு வயதில் அவள் மலேசியாவில், கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். விடிவதற்கு முன்பே புறப்பட்டு, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளையும் கான்வென்ட் பிள்ளைகளையும் வீடு வீடாக ஏற்றி, அவர்களுடைய சண்டைக்கும் வாந்திக்கும் மறந்துபோன வண்ணப் பென்சிலுக்கும் பதில் சொல்லி, மணி அடிப்பதற்குள் கேட்டில் இறக்கிவிடுவாள். மத்தியானம் அதே கூத்து இன்னொரு தடவை. இப்படிப்பட்டவளின் லைசென்ஸ் ஈஸ்டர் முடிந்ததும் காலாவதியாகிறது, அதைப் புதுப்பிக்க ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அதைத்தான் டாக்டர் ஃபர்ஹானா போட மறுத்துவிட்டார்.

“இந்த பிரஷரோட வேன் நெறையா பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு போறதுக்கு நான் எப்படி ஆன்டி சைன் போடுறது? ரோட்ல தல சுத்துனா என்னா ஆவும்? மாத்திர தரேன். உப்ப கொறைங்க, எண்ணெய கொறைங்க. அடுத்த மாசம் ஒரு தடவ வாங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் கடைசியா ஒரு தடவ பாப்போம்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லாதான் இருக்கேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.” டாக்டர் சிரித்தார். சின்ன வயதுக்காரி, முக்காடுக்குள் முகம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது. “ஃபிளாக்ஸ் சீட் வாங்கி சாப்பாட்டுல சேத்துக்கலாம். ஆளி விதைன்னு சொல்வாங்க. லேசா வறுத்து பொடி பண்ணி தெனம் ஒரு கரண்டி. முழுசா முழுங்குனா அப்படியே வெளிய வந்துரும், பொடி பண்ணுங்க. தண்ணி நெறைய குடிங்க. ஆனா இது மாத்திரைக்கு பதிலா இல்ல, மாத்திரையோட சேத்து. ரெண்டையும் ஒரே நேரத்துல போடாதீங்க, கொஞ்சம் தள்ளி.”

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கினாள். பழுப்பு நிறத்தில், எள்ளுக்கு அக்கா மாதிரி, தொட்டால் விரலில் வழுக்கிக்கொண்டு ஓடியது. வீட்டுக்கு வந்து வாணலியில் போட்டாள். அது படபடவென்று வெடித்துக் கொட்டை வறுத்த மணம் கூடம் வரைக்கும் போனதும் கொர்னேலியஸ் செய்தித்தாளோடு எழுந்து வந்தார். அவளுடைய கணவர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் யாரைப் பார்த்தாலும் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்கிற பார்வைதான்.

“என்னா இது? புறாவுக்கு போடறதுல்ல?”

“டாக்டர் சொன்னாங்க.”

“டாக்டர் சொன்னா? முப்பது வருசமா ஒன் கையால சாப்பிடுறேன், எனக்கு பிரஷர் இருக்கா? பொழுதுக்கும் வேன்ல உக்காந்து டென்சன் ஆனா பிரஷர் வராம என்னா வரும்? வேன வித்துட்டு வீட்ல இரு லா. அதான் மருந்து.”

கெர்ட்ரூட் விதையை மிக்சியில் போட்டாள். மிக்சி அவளுக்காகக் கத்தியது.

நியாயமாகச் சொல்லப்போனால் கொர்னேலியஸ் கெட்ட மனிதர் இல்லை. அடித்ததில்லை, குடித்துவிட்டு ரகளை செய்ததில்லை, ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. சங்கடமே அதுதான். கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது சுலபம். இவர் நல்லவிதமாகவே அவளுடைய வேனை விற்கப் பார்த்தார். அவள் நாற்பது வயதுக்குமேல், சுற்றம் முழுக்க மூக்கில் விரல் வைத்து நிற்க, கியர் போடக் கற்றுக்கொண்டு வாங்கிய வேன் அது. அதில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினால், அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்கிறவள் அவள். வீட்டில் மதியத்துக்குப் புளிக்குழம்பா பருப்பா என்று முடிவு செய்வதற்குக்கூட நான்கு பேரைக் கேட்க வேண்டும். அந்த வேன் போனால் தானும் போனாள் என்று அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

ஆக, ஆளி விதை வீட்டுக்குள் வந்தது. தோசை மாவில் ஒரு கரண்டி போட்டாள். மகன் கால்வின் முதல் வாயிலேயே கண்டுபிடித்து, “மா, தோசையில மண்ணு இருக்கு” என்றான். சட்னியில் போட்டாள். மருமகள் செரீனா நாகரிகமாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். பேத்திகள் இருவரும் ‘பாட்டியம்மா புறா’ என்று ஒரு பாட்டே கட்டிப் பாடினார்கள். கெர்ட்ரூட் அசரவில்லை. உங்களுக்கு வேண்டாமென்றால் போங்கள் என்று தனக்கு மட்டும் ஒரு சிறு புட்டியில் பொடியை அடைத்து அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டாள். காலையில் ஓட்ஸ் கஞ்சியில், மதியம் கீரையில், இரவு சிவப்பரிசிக் கஞ்சியில். உப்பைக் கிள்ளிப் போட்டாள். மாத்திரையை மறக்கவில்லை. டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட விடவில்லை.

அடுத்த மாதம் போனாள். கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கிப் பார்த்த டாக்டர் ஃபர்ஹானாவின் புருவம் நெற்றிக்கு ஏறியது.

“எறங்கவே இல்லையே ஆன்டி. மாத்திர போடுறீங்களா?”

“போடுறேன்.”

“என்னா சாப்பிடுறீங்க? சொல்லுங்க.”

கெர்ட்ரூட் கஞ்சியில் தொடங்கி கஞ்சியில் முடித்தாள். ஒரு துறவி மடத்துச் சாப்பாடு போல் இருந்தது. டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாத்திரைய கூட்டிடலாம். அது எனக்கு ஒரு நிமிச வேல. ஆனா நீங்க சொல்றதுக்கும் மிஷின் சொல்றதுக்கும் ஒத்து வரல. நல்லா யோசிச்சு பாருங்க. ஈஸ்டர் வரைக்கும் டைம் இருக்கு.”

பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவளைப் போல் அவமானமாக இருந்தது. அவள் பொய் சொல்லவில்லையே! வீட்டில் விஷயம் தெரிந்ததும் கொர்னேலியஸ் சொல்லிக் காட்டவில்லை, அதைவிட மோசமாகக் கனிவாகப் பேசினார்.

“விடு, கெர்ட்ரூட். ஒன்ன சொல்லி குத்தமில்ல. வயசு. தங்கராஜ்கிட்ட பேசிட்டேன். மேரு பக்கம் ரெண்டு வேன் ஓட்டுறாரே, அவருதான். ஈஸ்டர் அன்னிக்கி நாம பிரிக்ஃபீல்ட்ஸ்ல அக்கா வீட்டுக்கு போறோம்ல, அங்கயே வந்து வேன பாக்கறேன்னு சொல்லிருக்காரு.”

“யார கேட்டு பேசுனீங்க?”

“ஒன் நல்லதுக்குதான் லா.”

அன்று சாயந்திரம் செரீனா ஷா ஆலமில் வேலை முடிந்து வரும்போது பொரித்த கோழி வாங்கிவந்தாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தார்கள். கெர்ட்ரூட் வழக்கம்போல் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போனாள். கால்வின் தட்டில் கோழித் தோல் முழுசாகக் கிடந்தது. அவனுக்குச் சதை மட்டும்தான் பிடிக்கும். சின்னப் பேத்தி தட்டில் பாதி உருளைக்கிழங்கு. பெரியவள் தட்டில் வெண்ணெய் தடவிய ரொட்டி. கொர்னேலியஸ் தட்டில் காலையில் செய்த கருவாட்டுச் சம்பலும் ஒரு பிடி சோறும். குழம்பில் ஊறிய சோறு, இரண்டு வாய்தான். நின்றபடி, ஒரு கையால் குழாயைத் திறந்துகொண்டே, இன்னொரு கையால் அவள் ஒவ்வொரு தட்டையும் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். முழுதாக மெல்லக்கூட நேரமில்லாத வேகம்.

கூடத்திலிருந்து செரீனா கேட்டாள். “மம்மி, சாப்டீங்களா?”

“இன்னும் இல்லமா, இனிமேதான்” என்றாள் கெர்ட்ரூட், வாய் நிறையக் கோழித் தோலோடு.

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. மெல்வது நின்றது. கை அப்படியே நின்றது. அடுப்பு மேடையில் ஆளி விதைப் புட்டி இருந்தது, அதன் பக்கத்தில் மூடி வைத்த அவளுடைய சிவப்பரிசிக் கஞ்சி, உப்பில்லாமல், புனிதமாக. அவளுடைய சாப்பாடு அது. அப்படியென்றால் இத்தனை நேரம் வாயில் போனதெல்லாம் என்ன?

காலையில் பேத்திகள் கடித்து வைத்த ரொட்டி சானாய் பரோட்டா, அதோடு அவர்கள் தொட்டுத் தொட்டு விட்ட மீன் குழம்பு. கோப்பையின் அடியில் தேங்கிய இனிப்பு மைலோ. கால்வின் பாதியில் வைத்துவிட்டு ஓடிய நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தில் நெத்திலியும் சம்பலும். மதியம் கொர்னேலியஸ் விட்ட ஊறுகாய். எதையும் அவள் சாப்பாடு என்று நினைத்ததில்லை. அது வேலை. தட்டு கழுவுவதற்கு முந்தைய வேலை. டாக்டரிடம் அவள் உண்மையைத்தான் சொன்னாள், தன் தட்டில் இருப்பதைச் சொன்னாள். அடுத்தவர் தட்டில் இருப்பதை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா?

முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சாப்பிடு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. கொட்டிவிடு என்றும் சொல்லவில்லை. அவள் அம்மா அப்படித்தான் செய்தாள், மாமியார் அப்படித்தான் செய்தார், அவளும் செய்தாள். சோற்றைக் கொட்டினால் பாவம் என்று சின்னப் பிள்ளையிலிருந்தே காதில் ஓதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாவம் சோற்றை மிச்சம் வைத்தவர்களுக்கு ஏன் வருவதில்லை, கழுவுகிறவளுக்கு மட்டும் ஏன் வருகிறது என்று இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் கேட்டுப் பார்த்ததில்லை. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டாள். கஞ்சியைச் சுடவைத்து, பொடியைத் தூவி, மேசைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். ருசியாக ஒன்றும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அந்த வாரம்தான் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தது. கொர்னேலியஸின் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இந்தத் தவக்காலத்துக்கு யார் எதை விடுகிறோம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், ஈஸ்டர் வரைக்கும் மாறக்கூடாது. மாறினால் கேட்பதற்கு மற்றவர்களுக்கு உரிமை உண்டு.

“பீர்” என்றார் கொர்னேலியஸ். வருடாவருடம் அதுதான்.

“சிகரெட்” என்றான் கால்வின். அதுவும் வருடாவருடம்தான், முதல் வாரம் தாண்டாது.

“கொரியன் சீரியல்” என்றாள் செரீனா. பேத்திகள் சாக்லேட்டை விட்டார்கள், மிகுந்த துக்கத்தோடு.

எல்லோரும் கெர்ட்ரூட்டைப் பார்த்தார்கள். அவள் வழக்கமாக விடுவது இறைச்சி. அடுப்படிப் பக்கமிருந்து நின்றபடியே சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விடுவாள். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் மிச்சத்த விட்டுட்டேன்.”

“எந்த மிச்சம்?” என்றான் கால்வின்.

“ஒங்க மிச்சம். ஒங்க எல்லாரோட மிச்சம். தட்டுல நீங்க வச்சிட்டு போறத இத்தன வருசமா நான்தான் தின்னுட்டு இருக்கேன். கோழி தோலு, ரொட்டி ஓரம், சம்பல், நாசி லெமாக், எல்லாம். ஈஸ்டர் வரைக்கும் அடுத்தவங்க தட்டுலேருந்து ஒரு பருக்க என் வாயில போவாது. கர்த்தர் மேல சத்தியம்.”

கொர்னேலியஸ் சிரித்தார். “இதெல்லாம் ஒரு தவமா லா? சோத்த கொட்டுறது பாவம்.”

“கொட்ட மாட்டேன்.”

“அப்ப என்னா செய்வ?”

“யாரு தட்டுல வச்சாங்களோ அவங்களுக்கே எடுத்து வைப்பேன். அடுத்த வேளைக்கு மொதல்ல அத முடிக்கணும், அப்புறம்தான் புது சாப்பாடு. பாவமும் இல்ல, வீணும் இல்ல.”

செரீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொர்னேலியஸுக்குச் சிரிப்பு நின்றுபோனது. தவக்காலத்துச் சபதத்தை அவரால் எதிர்க்க முடியாது, அந்தப் பழக்கமே அவருடைய அப்பாவுடையது.

மறுநாளே போர் தொடங்கியது. காலையில் பாதி தோசையை வைத்துவிட்டுப் போன கொர்னேலியஸ், மதியம் மேசைக்கு வந்தபோது மீன் குழம்பு மணம் மூக்கைத் துளைத்தது. ஆனால் அவர் இடத்தில் ஒரு மூடி இருந்தது. திறந்தால் காலைத் தோசை, காய்ந்து போய், முறைத்துக்கொண்டு. “என்னா இது?” என்றார். “நீங்க வச்சது” என்றாள் கெர்ட்ரூட். அவர் தோசையைத் தின்றார். தின்றபோது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் எல்லோரும் மனம் குளிர்ந்திருப்பார்கள். கால்வினுக்குக் கோழித் தோல் மூன்று வேளை தொடர்ந்து வந்தது. நான்காம் வேளை அவன் தோல் இல்லாத துண்டாகப் பார்த்து எடுக்கக் கற்றுக்கொண்டான். பேத்திகள்தான் சீக்கிரம் படித்தார்கள், “கொஞ்சமா போடுங்க பாட்டி, வேணும்னா கேக்கறோம்” என்று பெரிய மனுஷிகள் மாதிரிச் சொன்னார்கள்.

அதோடு விடவில்லை கெர்ட்ரூட். தோசை சுட்டால் முதல் தோசை தனக்கு என்றாள். சுடச்சுட, முறுகலாக, மேலே ஆளி விதைப் பொடியும் கொஞ்சம் எள்ளும் தூவி, மேசையில் உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்துதான் அடுத்த தோசையை ஊற்றினாள். கொர்னேலியஸ் வெறும் தட்டோடு காத்திருந்தார். அவருக்கு அது பசியைவிட மானப் பிரச்சினை.

“ஆம்பளைங்க உக்காந்திருக்க நீ மொதல்ல திங்கிற. எங்கம்மா ஒருநாளும் இப்படி சாப்ட்டதே இல்ல.”

“ஒங்கம்மா எத்தன வயசுல போனாங்க?”

கொர்னேலியஸ் வெறும் தட்டைத் தள்ளி வைத்தார். அவருடைய அம்மா பக்கவாதத்தில் விழுந்து இறந்தபோது ஐம்பத்தெட்டு வயது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், கழுவுமிடத்துப் பக்கத்தில், நின்றுகொண்டிருந்தபடியே விழுந்தார். அதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று கெர்ட்ரூட்டுக்கு உடனே வருத்தமாக இருந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டால் அடுத்த வேளையே சிங்க்கின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தவக்காலம் போனது. கால்வின் சிகரெட்டை இரண்டாம் வாரமே தொட்டுவிட்டான். செரீனா கழிவறையில் உட்கார்ந்து சீரியல் பார்த்துப் பிடிபட்டாள். கெர்ட்ரூட்டின் சபதம் மட்டும் அப்படியே நின்றது. சிவப்பரிசிக் கஞ்சியை விட்டுவிட்டு எல்லோருக்கும் சமைப்பதையே அளவாகத் தனக்கும் போட்டுக்கொண்டாள். ஒரு தட்டு, ஒரு தடவை, மேலே ஒரு கரண்டிப் பொடி. கணுக்காலில் இருந்த வீக்கம் வடிந்த மாதிரி இருந்தது. வேனில் ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. இது நிஜமா, நினைப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு முன்னால் ஈஸ்டரும் தங்கராஜும் இருந்தார்கள்.

ஈஸ்டர் ஞாயிறன்று அவளுடைய வேனிலேயே எல்லோரும் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனார்கள். கொர்னேலியஸின் அக்கா பிலோமினாவின் அடுக்குமாடி வீடு. அறுபத்தெட்டு வயது, யானைக்கால் மாதிரி வீங்கிய கால், குரல் மட்டும் கோயில் மணி. விடிந்ததிலிருந்து நின்று மட்டன் பிரட்டல், நெய்ச்சோறு, கத்தரிக்காய்ப் பச்சடி எல்லாம் செய்திருந்தார். அந்த வீட்டு வழக்கம் ஆண்களும் பிள்ளைகளும் முதல் பந்தி. பெண்களுக்கு என்று பந்தி கிடையாது. சட்டியில் ஒட்டியதும் தட்டுகளில் தங்கியதும்தான்.

மேசையில் நெய்ச்சோறு வந்ததும் கெர்ட்ரூட் ஒரு தட்டை எடுத்துக் கொர்னேலியஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து, பச்சடியின் மேல் பொடியைத் தூவினாள்.

பிலோமினாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. “என்னா கெர்ட்ரூட், ஆம்பளைங்களோட உக்காந்துட்ட?”

“பசிக்குது அக்கா. நீங்களும் உக்காருங்க, காலையிலேருந்து நிக்கிறீங்க.”

“தவக்காலம் நேத்தோட முடிஞ்சி போச்சி” என்றார் கொர்னேலியஸ். சிரிக்கிற மாதிரித்தான் சொன்னார், ஆனால் எல்லோர் முன்னாலும் என்பதால் கழுத்து சிவந்திருந்தது. அவர் முன்னால் பீர் கோப்பை நுரைத்துக்கொண்டிருந்தது. “நான் பீர் குடிக்கிறேன். சின்னதுங்க சாக்லேட் திங்கிதுங்க. நீயும் பழயபடி ஆயிரு லா.”

“ஒங்களுக்கு முடிஞ்சி போச்சி” என்றாள் கெர்ட்ரூட். “எனக்கு முடியல.”

அவள் இரண்டாவது வாய் எடுக்கும்போது வாசலில் தங்கராஜ் நின்றார். நல்ல மனிதர், கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்திருந்தார். “ஹாப்பி ஈஸ்டர் அண்ணே. ஹாப்பி ஈஸ்டர் அக்கா. கீழ வேன பாத்தேன், நல்லா வச்சிருக்கீங்க. சாவி குடுத்தா ஒரு ரவுண்ட் ஓட்டி பாத்துட்டு வந்துருவேன்.”

“குடு, கெர்ட்ரூட்” என்றார் கொர்னேலியஸ்.

கெர்ட்ரூட் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது பட்டையைச் சுற்றிப் பார்த்தால் மிஷினே வெடித்துவிடும் என்று நினைத்தாள். ஆனால் குரல் நடுங்கவில்லை.

“தம்பி, மன்னிச்சிக்குங்க. ஒங்கள வீணா அலைய வச்சிட்டாங்க. அந்த வேன் விக்கிறதுக்கு இல்ல.”

“டாக்டர் சைன் போட மாட்டாங்க, கெர்ட்ரூட். சைன் இல்லாம எப்படி ஓட்டுவ?”

“செவ்வாக்கெழம போறேன். போடலன்னா மாத்திரைய கூட்ட சொல்வேன், மறுபடியும் போவேன். அப்பவும் போடலன்னா அதுக்கு அடுத்த மாசம் போவேன். அதுவரைக்கும் வேன் வீட்டு வாசல்ல நிக்கும். விக்கணும்னா நான் சொல்வேன். நான் சொல்லாம யாரும் வந்து பாக்க வேண்டாம்.”

கால்வின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். செரீனா மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்து மாமியாருக்கு எதிரே உட்கார்ந்தாள். தங்கராஜ் புத்திசாலி. “பரவால்லக்கா, நான் மட்டன் வாசத்துக்குதான் வந்தேன்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கொர்னேலியஸ் பீரைக் குடித்து முடித்தார். சோற்றைக் குடைந்தார். பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். கோபம் வந்தால் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் போவது அவருடைய பழைய ஆயுதம். யாராவது பின்னாலேயே போய்ச் சமாதானப்படுத்துவார்கள். கெர்ட்ரூட் அசையவில்லை.

பிலோமினாதான் தட்டை எடுத்தார். நல்ல துண்டுகளாக மட்டன் அப்படியே கிடந்தது. “இவ்வளவையும் விட்டுட்டானே. பாவம் இல்ல? நீ எடுத்துக்க, கெர்ட்ரூட், வீணாக்காத” என்று சொல்லிக்கொண்டே, கை பழக்கத்தில் ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“அவரு தட்டு அக்கா அது” என்றாள் கெர்ட்ரூட். மெதுவாகத்தான் சொன்னாள். “அவருகிட்ட குடுங்க.”

பிலோமினா மெல்வதை நிறுத்தினார். கையிலிருந்த தட்டைப் பார்த்தார். மேசையில் இருந்த கெர்ட்ரூட்டின் தட்டைப் பார்த்தார். ஆவி பறக்கும் நெய்ச்சோறு, பச்சடி, மேலே பழுப்புப் பொடி. தன் வீங்கிய காலையும் ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு பால்கனிக்கு நடந்து போய், தம்பியின் கையில் தட்டைத் திணித்தார். குரல் நாலு மாடிக்குக் கேட்டது.

“கொர்னேலியஸ், நீ வச்சத நீயே தின்னு முடி. நான் நின்னுகிட்டு ஒன் எச்சிலயும் நம்ம அப்பா எச்சிலயும் தின்னது போதும். நம்ம அம்மாவ அப்படித்தான் தூக்கி குடுத்தோம்.”

திரும்பி வந்து ஒரு சுத்தமான தட்டை எடுத்துக்கொண்டு, கெர்ட்ரூட்டின் பக்கத்தில், தம்பியின் நாற்காலியில், ‘அம்மாடி’ என்று உட்கார்ந்தார். நெய்ச்சோற்றைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டார். அவர் அந்த மேசையில் உட்கார்ந்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. “அந்த புட்டிய இப்படி தள்ளு” என்றார். பால்கனியில் கொர்னேலியஸ் நின்றபடி, ஆறிப்போன மட்டனை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஃபர்ஹானா பட்டையைச் சுற்றினார், காற்றடித்தார், இறக்கினார். நம்பாமல் மறுபடியும் ஒரு தடவை செய்தார். இறங்கியிருந்தது. முழுதாக இல்லை, கையெழுத்துக்குப் போதுமான அளவு இறங்கியிருந்தது.

“மாத்திரைய விட்றாதீங்க ஆன்டி, இது தொடரணும்” என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார். “ஃபிளாக்ஸ் சீட் சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன்.”

“வேற என்னா செஞ்சீங்க? போன தடவையும் அதான் சாப்ட்டீங்க, எறங்கலயே.”

“போன தடவ நின்னுகிட்டு சாப்ட்டேன் டாக்டர்” என்றாள் கெர்ட்ரூட். “இந்த தடவ உக்காந்து சாப்ட்டேன்.”